சனிக்கிழமை சாயங்காலம்

2014 கிறிஸ்துமஸுக்கு எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளைச் சேகரம் என்போம்) பத்துப் பத்துக் கிலோவாக 40 பை அரிசி வாங்கினோம். பெண்கள் ஐக்கிய சங்கத்துக் காணிக்கை, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பியது, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் பேரன் பிறந்த சந்தோஷத்தில் கொடுத்தது எல்லாம் சேர்ந்த பணம். தூத்துக்குடிக்குத் தெற்கே முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கத்து உப்பளங்களுக்கு வேலைக்குப் போகிற குடும்பங்களாகத் தேடிக் கொடுத்தோம். ஜெபம் பண்ணி, படம் எடுத்து, ஆளுக்கொரு கேக் துண்டும் கொடுத்து அனுப்பினோம். மூன்றாம் நாள் சீனி வாங்க மளிகைக் கடைக்குப் போனேன். கோயில் பெயர் அச்சடித்த பை ஏழு, கடை ஓரத்தில் அடுக்கியிருந்தது.

அன்றைக்கு வந்த கோபம் இப்போதும் நினைவிருக்கிறது. நேராக ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு மூத்த பெண் என் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து, உப்புத் தண்ணீரில் வெடித்த பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அரிசி எங்கே என்று கேட்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை.

“மூட்டையாக் குடுத்தா நான் எங்க டீச்சர் ஒளிச்சு வைக்க? ஒத்த அறை வீடு. அவிய தூக்கிட்டுப் போயிருவாவ. உழக்கு உழக்காக் குடுங்க, அன்னன்னைக்குப் பொங்கிருவேன். பொங்குன சோத்த ஒருத்தனும் வெலைக்கு வாங்க மாட்டாம்லா.”

நாங்கள் யாரும் அவளிடம் கேட்கவே இல்லை. எது தேவை, எந்த அளவில் தேவை, எந்த நேரத்தில் தேவை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த ஏழு பையும் கடைக்குப் போயிருக்காது. குடிக்கிற வீட்டுக்கு உதவி செய்ய நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அந்த வீட்டுப் பெண் ஏற்கெனவே பத்து வருடமாக ஒரு திட்டம் போட்டுக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தத் திட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குள் நுழையுங்கள்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு காணிக்கை உண்டு. சோறு பொங்கும்போது அரிசியை உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் வைப்போம். சேர்ந்ததைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்போம். அதை விற்று ஊழியத்துக்குப் பணமாக்குவது வழக்கம். விற்காமல் ஒரு டிரம்மில் போட்டு வைத்தால் என்ன என்று கேட்டேன். கமிட்டியில் இரண்டு கூட்டம் பேசினார்கள். கடைசியில் சேகரத்துப் போதகர் ஐயா சரி என்றார். கோயிலுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்காவிடம் டிரம் போயிற்று. உப்பளத்திலிருந்து திரும்பும் பெண்கள் போகிற வழியில் ஓர் உழக்கோ இரண்டு உழக்கோ வாங்கிக்கொள்வார்கள். பெயர் எழுதுவதில்லை, படம் எடுப்பதில்லை. உழக்குக் கணக்கு மட்டும் ஒரு நோட்டில் கோடு கோடாக இருக்கும். புருஷன் குடியை நிறுத்தினால்தான் அரிசி என்று ஒருவர் நிபந்தனை போடச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் குடிக்கிறதற்குப் பிள்ளைகள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

உப்பள வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிற்பகல் வெயிலில் பாத்தியில் நிற்க முடியாது. அதனால் விடியுமுன்னே, பலர் இரவு இரண்டு மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார்கள். ஆண்கள் வாருபலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்ப்பார்கள். பெண்கள் அதைத் தலைச்சுமையாகத் தட்டுமேட்டுக்குக் கொண்டுபோய் அம்பாரமாகக் குவிப்பார்கள். உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். இடுப்பு, முழங்கால், தோள் எல்லாம் வலி. தை மாசியில் தொடங்கி மழை வரும் வரைக்கும்தான் வேலை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கையில் காசு வராது. அந்த மூன்று மாதத்தில் வாங்கும் கடனை அடுத்த ஒன்பது மாதத்தில் அடைப்பார்கள். “மேல் வலிக்கு ஒரு குவார்ட்டர்” என்று தொடங்காதவர்களை நான் அந்தப் பக்கம் அதிகம் பார்த்ததில்லை. வலியும் தூக்கமும் உண்மை. அதை மறந்துவிட்டு, குடி பாவம் என்று மட்டும் சொன்னால் அவர்கள் காதில் ஏறாது.

எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் வீட்டுக்காரரைப் பற்றி எழுத வேண்டும். அவரே எழுதச் சொன்னார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

2015 பங்குனியில் ஒருநாள் அவரே எங்கள் சபை ஊழியரான உபதேசியார் வீட்டுக்கு வந்து, “இனி தொட மாட்டேன், எனக்காக ஜெபம் பண்ணுங்க” என்று அழுதார். நாங்கள் சந்தோஷத்தில் மிதந்தோம். அன்றிரவு முழங்காலில் நின்றோம். அவர் அப்படியே நிறுத்திவிட்டார். இருபது வருடமாகத் தினம் குடித்த மனுஷன், ஒரே நாளில். மறுநாள் கை நடுங்கியது, வேர்த்தது, சாப்பாடு இறங்கவில்லை. மன உறுதிக்கு வந்த சோதனை என்று நினைத்தோம். மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார். யாரோ வெட்ட வருகிறார்கள் என்று கத்தினார். மகளை அடையாளம் தெரியவில்லை.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அசுத்த ஆவி என்று நினைத்தோம். நாலு பேர் அவரைப் பிடித்து அமுக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் சத்தம் போட்டு ஜெபித்தோம். அவர் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. சத்தம் கேட்டு நர்ஸ் அக்கா வந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். “எப்பம் கடைசியாக் குடிச்சான்?” என்று கேட்டார். மூன்று நாள் என்றதும், “ஜெபத்த வண்டியில வச்சுப் பண்ணுங்க, இப்பம் 108-க்குப் போடுங்க” என்றார்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தார். பிழைத்தார். இன்னும் இரண்டு மணி நேரம் நாங்கள் ஜெபித்துக்கொண்டே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் பல இரவு யோசித்திருக்கிறேன். ஜெபத்தில் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. அந்த ராத்திரி அந்த நர்ஸ் அக்காவை அனுப்பியதும் ஆண்டவர்தான் என்று நம்புகிறேன். ஆனால் அறியாமையை விசுவாசம் என்று பெயர் மாற்றிக் கூப்பிடக் கூடாது.

டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். வருடக்கணக்காகத் தினம் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் இல்லாதது தெரியும், புத்தி குழம்பும், காய்ச்சல் அடிக்கும். வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போகும். அதற்கு மருந்து இருக்கிறது, ஒரு வாரம் பத்து நாள் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள். இன்னொன்றும் சொன்னார். எங்கள் ஊரில் யார் சோர்ந்து விழுந்தாலும் “ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க” என்போம். குடித்தே சாப்பாட்டை மறந்தவர் உடம்பில் தயமின் என்கிற பி1 சத்து வற்றிப் போயிருக்கும். அதை முதலில் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகக் கெட்டுப் போகலாம். ஆகவே எந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனாலும் “இவர் தினம் குடிக்கிறவர்” என்பதை வெட்கப்படாமல் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். அன்றிலிருந்து, நிறுத்துகிறேன் என்று யார் வந்தாலும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி நர்ஸ் அக்காவின் கேள்விதான்: எப்போது கடைசியாகக் குடித்தீர்கள்? பழைய வலிப்பு உண்டா என்பது இரண்டாவது. 14446 என்ற கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண்ணை ஞாயிற்றுக்கிழமை அறிவிப்போடு சேர்த்து வாசிக்கிறோம்.

அடுத்த தப்பு இதைவிடச் சின்னதாகத் தெரியும். எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. எங்கள் கன்வென்ஷன் கூட்டம் வந்தது. மேடை, சீரியல் லைட்டு, ஆயிரம் பேர். சாட்சி சொல்ல வைத்தோம். அவருக்கு விருப்பமில்லை என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. கடன்பட்டவர் மறுப்பாரா? மைக்கைப் பிடித்து, “நான் இனி குடிக்க மாட்டேன்” என்றார். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். மகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை குடித்துவிட்டார். அதற்குப் பிறகு ஐந்து மாதம் கோயில் தெரு வழியாகக்கூட அவர் வரவில்லை. எங்களைக் கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுவார். நான் வீட்டுக்குப் போனால் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். முன்பு குடிகாரர் என்று மட்டும் பெயர் இருந்தது. இப்போது ஆயிரம் பேர் முன்னால் சொன்ன வார்த்தையை மீறியவர் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றியது நாங்கள். ஏன் ஏற்றினோம்? எங்கள் ஊழியம் பலன் தருகிறது என்று ஊருக்குக் காட்ட.

1935-இல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் சொல்லாத குடிநோயாளிகள்) கூட்டங்களில் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை. ஏன் இவ்வளவு ஒளிவு மறைவு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அந்த ஐந்து மாதத்தில் புரிந்தது. பெயர் வெளியே போகாத இடத்தில் மனுஷன் விழுந்தாலும் திரும்பி வரலாம். இப்போது எங்கள் சபையில் யாரையும் நாங்களாகச் சாட்சி சொல்லக் கூப்பிடுவதில்லை. அவராகக் கேட்டால்கூட, வீட்டுக்காரியிடமும் கேட்டுவிட்டு வாருங்கள் என்கிறோம். அவமானத்தில் அவளுக்கும் பங்கு உண்டல்லவா.

என் தாத்தா பனையேறி. உடன்குடிப் பக்கம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் கட்டினால் விடியுமுன் கள்ளாகிவிடும். மரம் ஒன்று, பாளை ஒன்று. தாத்தா ஒவ்வொரு தடவையும் கலயத்தைக் கழுவிப் புதிதாகச் சுண்ணாம்பு தடவுவார். நேற்றைக்குத் தடவியது இன்றைக்கு ஆகாது. நாற்பதாம் நாளில் ஒரு மனுஷனை மேடையேற்றி “விடுதலை ஆகிவிட்டான்” என்று கைதட்டினோமே, தாத்தாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று?

அவர் ஏன் சனிக்கிழமை குடித்தார் என்பதற்கு வருகிறேன். உப்பளத்தில் வாரக்கூலி சனிக்கிழமை கைக்கு வரும். கணக்கப்பிள்ளையிடம் காசு வாங்கி வீட்டுக்கு வருகிற வழியில் கடை. கூட வேலை பார்க்கிறவர்கள் அங்கே நிற்பார்கள். வீட்டு வாசலில் வாரக் கடன் வசூலிக்க வருகிறவர் நிற்பார். கையில் காசு, உடம்பில் வலி, முன்னால் கூட்டாளி, பின்னால் கடன்காரர், மறுநாள் லீவு. எங்கள் கூட்டங்களெல்லாம் எப்போது? ஞாயிறு காலை, புதன் இரவு, வெள்ளி உபவாச ஜெபம். அவருக்கு நாங்கள் தேவைப்பட்ட நேரம் சனிக்கிழமை நாலு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும். அந்த நேரத்தில் கோயில் கதவு பூட்டிக் கிடந்தது. பாடகர் குழு மட்டும் ஆறு மணிக்கு வந்து பாட்டுப் பழகிவிட்டுப் போகும்.

அதனால் ஞாயிறு பள்ளி அறையைச் சனிக்கிழமை திறந்தோம். டீ, சுண்டல், ஒரு கேரம் போர்டு, பழைய டிவி. பிரசங்கம் கிடையாது. இது சில மூப்பர்களுக்குப் பிடிக்கவில்லை. ஊழியம் என்றால் வசனம் வேண்டாமா என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவரே ஒருநாள் வந்து கேரம் விளையாட உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு குறைந்தது. குடித்துவிட்டு வந்தாலும் உள்ளே விடுவோம், டீ கொடுப்போம். சண்டை போட்டால் மட்டும் ஆட்டோ வைத்துள்ள தம்பி வீட்டில் கொண்டுபோய் விடுவார். எங்கள் கூட்டம் நாலு பேர்: அந்த ஆட்டோத் தம்பி, நர்ஸ் அக்கா, உபதேசியார், நான். திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு இயேசுவிடம் தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இறக்கிய நாலு பேரைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கட்டில் எவ்வளவு கனம் என்று யாரும் சொன்னதில்லை. ஒரு ஆள் தனியாக இந்த வேலையில் இறங்கக் கூடாது. இரண்டே வருடத்தில் நொந்துபோவார், அல்லது எல்லாம் தன்னால்தான் என்று நினைக்கத் தொடங்குவார். இரண்டும் கெடுதல்தான்.

ஐந்து மாதம் ஒளிந்திருந்தவர் அந்த அறைக்குத்தான் முதலில் திரும்பி வந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீ கொடுத்தோம்.

கூலியை நேரே மனைவி கையில் கொடுத்துவிடும்படி கணக்கப்பிள்ளையிடம் பேசலாமே என்று எங்களுக்கு ஒரு யோசனை வந்தது. உபதேசியார் தடுத்தார். “ஆம்பளைய அவமானப்படுத்திட்டு அவன் திருந்தணும்னு எதிர்பாக்கியளா?” அவரிடமே கேட்டோம். ஒரு வாரம் யோசித்துவிட்டு, பாதிக் கூலியை மனைவி பெயரிலுள்ள அஞ்சலகக் கணக்கில் போட அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். மீதிப் பாதி அவர் கையில். அந்தப் பாதியில் சில வாரம் குடித்ததும் உண்டு. ஆனால் அடுப்பு எரிந்தது.

கடன் விஷயத்திலும் சூடுபட்டே கற்றோம். முதலில் இரக்கப்பட்டு ஒரு குடும்பத்தின் கந்துவட்டிக் கடன் ஒன்றைச் சபைப் பணத்தில் அடைத்தோம். மறுவாரம் ஆறு குடும்பம் வாசலில் நின்றது. கடன் அடைபட்ட குடும்பமோ இரண்டு மாதத்தில் வேறோர் இடத்தில் வாங்கிவிட்டது. இப்போது பணமாகக் கொடுப்பதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து எல்லாக் கடனையும் எழுத வேண்டும்: யாரிடம், எவ்வளவு, வாரம் எவ்வளவு, எந்த நகை எங்கே அடகில். பெரும்பாலும் அப்போதுதான் ஒருவர் வாங்கிய கடன் மற்றவருக்குத் தெரியவரும். அந்த இடத்தில் சண்டை வரும், நாங்கள் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். பிறகு எது முதலில் என்று முடிவு செய்து, கடன் கொடுத்தவரிடம் கூடவே போய்த் தவணை பேசுவோம். அதிக வட்டி வசூலைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்து இருக்கிறது. பெரும்பாலான சமயம் அதைச் சொல்லக்கூடத் தேவைப்படாது. கோயில் ஆட்கள் நாலு பேர் மரியாதையாக வந்து உட்கார்ந்தாலே பேச்சு மாறும். மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருவதாக 2022-இல் அரசு தொடங்கியபோது, கார்டு, பாஸ்புக், நகல் என்று ஓடி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது எங்கள் வாலிபர் சங்கப் பிள்ளைகள். வசனம் அச்சடித்துக் கொடுப்பதைவிட அந்த ஓட்டம் பெரிய ஊழியம் என்பது என் எண்ணம்.

மருந்து பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிரம் மாத்திரையை டாக்டர் சிலருக்கு எழுதுவார். நோயாளிக்கு முழுவதும் தெரிந்து, அவர் சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து சாகவும் நேரலாம். நிறுத்தி இரண்டு வாரம் வரை அதன் வேகம் உடம்பில் இருக்கும். “தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்” என்று விற்கிற பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பெண் அப்படிக் கலந்து கொடுத்து, அவர் குடித்துவிட்டு வந்து மயங்கி விழுந்து, அவள் கொலைகாரியைப் போல நடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கும் அப்படிச் செய்யாதீர்கள்.

இந்த மாத்திரையால் எங்கள் கோயிலுக்குள்ளேயே ஒரு பிரச்சினை வந்தது. மாத்திரை சாப்பிடத் தொடங்கிய மாதம், மேடையில் சாட்சி சொன்ன நம்மவர், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு வராமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். பாவ உணர்வு என்று நினைத்தேன். வெளியே வந்ததும், “டீச்சர், கோயில் ரசத்துல போதை உண்டா? டாக்டர் இருமல் டானிக்கக்கூட லேபில் பாத்துக் குடிக்கச் சொல்லிருக்காரு” என்றார். எனக்குத் தலையில் அடித்தாற்போல் இருந்தது. எங்கள் சேகரத்தில் திராட்சரசம் பழைய முறைப்படி உலர்ந்த திராட்சையைச் சீனியோடு ஜாடியில் போட்டு வாரக்கணக்கில் ஊற வைத்து எடுப்பது. அது புளித்து நன்றாகவே போதை ஏறியிருக்கும். குடியிலிருந்து வெளியே வரத் துடிக்கிற ஒருவன் மாதாமாதம் அந்தக் கிண்ணத்துக்கு முன் நிற்க வேண்டியிருந்தது, எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

ஐயாவிடம் சொன்னேன். அடுத்த திருவிருந்துக்கே, சனிக்கிழமை இரவு திராட்சையைக் கொதிக்க வைத்துப் பிழிந்த சாறு வந்தது. இரண்டு பெரியவர்கள், நூறு வருட வழக்கம், ஒரு ஆளுக்காக மாற்றுவதா என்று கேட்டார்கள். அந்த ஒரு ஆளுக்காகத்தான் அந்த மேஜை என்று ஐயா சொன்னார். இப்போது அந்தச் சாற்றைக் காய்ச்சுகிறது அந்த ஒரு ஆளுடைய மனைவிதான்.

எங்கள் அறைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள் இல்லை. மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் ஊரில் இருந்தது, அது நியாயமான சந்தேகமும்தான். அரிசியைக் காட்டி ஆள் பிடித்தால் அது அந்த மனுஷனுக்கும் அவமானம், சுவிசேஷத்துக்கும் அவமானம். “உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?” என்று கேட்போம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம், மனதில் ஜெபிப்பதை யார் தடுக்கப் போகிறார்கள்.

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போடுகிற ஒருவர் வந்துகொண்டிருந்தார். மாலை கழுத்தில் இருக்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தொட மாட்டார். காளி வேடம் கட்டிக் காணிக்கை எடுத்து முத்தாரம்மன் கோயிலில் செலுத்துவார். சூரசம்ஹாரம் முடிந்து மாலையைக் கழற்றினால் அன்றைக்கே கடை. வருடா வருடம் இதே கதை. அவர் மனைவி எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: “மாலையக் கழத்துற அன்னைக்கு நீங்க யாராவது கூட இருப்பியளா?” ஆட்டோத் தம்பி போனார். கழற்றிய கையோடு மனநலப் பிரிவு டாக்டரிடம் கூட்டிப்போனார், முன்பே சொல்லி வைத்திருந்தோம். அவர் ஏற்கெனவே ஒன்றரை மாதம் குடிக்காமல் இருந்தவர். நாங்கள் அதைத் தொடரத்தான் உதவினோம். அவருக்கு அந்தத் தெம்பைக் கொடுத்தது அவருடைய பக்தி. அதை மதிக்காமல் நான் எப்படி அவருக்கு உதவ முடியும்? இன்னொன்று, மாலை போடும் நாளிலும் ஜாக்கிரதை வேண்டும். தினம் குடித்தவர் திடீரென்று நிறுத்தும் நாள் அது. நடுக்கம், வலிப்பு ஆபத்து அப்போதும் உண்டு.

எல்லாரும் பிழைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. எங்கள் பக்கத்து உப்பளங்கள் கடலோடு கடலாகிவிட்டன. அம்பாரத்து உப்பு கரைந்துபோயிற்று. கோயில் மேட்டில் இருந்ததால் கைப்பிடி அரிசி டிரம் தப்பியது. நாலு நாள் அந்த அரிசியில்தான் கஞ்சி காய்ச்சினோம். தண்ணீர் வடிந்த பிறகுதான் சேதம் தெரிந்தது. ஒரு வருடம், இரண்டு வருடம் தொடாமலிருந்த மூன்று பேர் அந்த மாதத்தில் திரும்பக் குடிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் மீளவில்லை. அடுத்த ஆவணியில் ஈரல் கெட்டு இறந்தார். அவருக்கு முப்பத்தெட்டு வயது. சனிக்கிழமைகளில் கேரம் போர்டில் எனக்கு எதிரே உட்காருவார். சிவப்புக் காயைப் போட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார். அவர் மனைவிக்கு இப்போதும் அரிசி போகிறது. மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். அடக்க ஆராதனையில் ஐயா குடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நல்ல உழைப்பாளி என்றார். அது உண்மை.

பிள்ளைகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும். “நான் நல்லாப் படிச்சா அப்பா குடிக்க மாட்டாங்களா டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் குடிப்பதற்கு நீ காரணமில்லை, அவரை நிறுத்துவது உன் வேலையுமில்லை, ராத்திரி பயமாக இருந்தால் இந்த வீட்டுக்கு ஓடி வா என்று ஒரு வீட்டைக் காட்டுங்கள். எங்கள் தெருவில் மூன்று வீடு அப்படி இருக்கிறது.

போன சனிக்கிழமை. ஐந்து மணி இருக்கும். அரிசிப் பையைக் கடையில் விற்ற, சுவரில் பூச்சியைக் கண்ட, மேடையில் சொல்லிவிட்டு ஒளிந்த அதே மனுஷன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு தடவை விழுந்து எழுந்து, இப்போது ஆறாவது வருடம் நடக்கிறது. புதிதாக ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். நேற்றிலிருந்து விட்டுவிட்டேன் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். நான் சந்தோஷம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் டம்ளரை நீட்டினார். பையன் வாங்கும்போது டீ தளும்பிக் கையில் சிந்தியது. அவர் அந்தக் கையையே பார்த்தார்.

“எப்பம்ல கடைசியாக் குடிச்ச?”

“நேத்து மத்தியானம்ணே.”

“எத்தன வருசமா?”

“அஞ்சாறு வருசமா. தெனமும்.”

அவர் டம்ளரை வாங்கி மேஜைமேல் வைத்தார். ஆட்டோத் தம்பியைக் கூப்பிட்டார். பையனின் தோளில் கைபோட்டு வாசலுக்கு நடத்திக்கொண்டே திரும்பி, “டீச்சர், அடுப்புல பால் கெடக்கு, பாத்துக்கிடுங்க” என்றார்.